நிலைக்காந்தமும் தற்காலிகக் காந்தமும்: மின்விசிறிக்குள் இருக்கும் காந்தம் தீர்ந்துபோகுமா?

உங்கள் பதிவில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நிலைக்காந்தத்துக்கும் தற்காலிகக் காந்தத்துக்கும் என்ன வேறுபாடு, எது எங்கே பயன்படுகிறது என்பது முதலாவது. பி.எல்.டி.சி., அதாவது பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார் கொண்ட மின்விசிறிக்குள் நிலைக்காந்தம் இருக்கிறது, நாலைந்து வருடத்தில் அதன் சக்தி தீர்ந்து விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னது உண்மையா என்பது இரண்டாவது. உங்களை எழுதவைத்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். நிலைக்காந்தம் அவ்வளவு நல்லதென்றால் எல்லா இடத்திலும் அதையே பொருத்தாமல் இன்னும் ஏன் செம்புக் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் ஆழமான கேள்வி அதுவே. நான் கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங், ஸ்டார்ட்டர் பழுதுபார்ப்பு ஆகிய வேலைகளில் பல வருடங்கள் இருந்துவிட்டு, பிறகு தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு மின்னியல் சொல்லிக்கொடுத்தவன். காந்தப் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்குபவன் அல்லன். ஆகவே இயந்திரத்துக்குள் காந்தம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன். பொருளுக்குள் நடப்பதைப் படித்தும் கற்பித்தும் அறிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் பெயர்கள் செய்யும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நிலைக்காந்தம் என்றதும் என்றென்றும் அழியாதது என்றும், தற்காலிகக் காந்தம் என்றதும் வலுவற்றது, மட்டமானது என்றும் மனத்தில் படிந்துவிடுகிறது. இரண்டுமே சரியல்ல. ஒரு பொருளை வெளியிலிருந்து காந்தமாக்கிவிட்டு, காந்தமாக்கிய புலத்தை எடுத்துவிட்டால் அதில் எவ்வளவு காந்தம் மிஞ்சுகிறது என்பது ஓர் அளவு. பாடநூல்கள் இதைக் காந்தத் தேக்குத்திறன் என்கின்றன. மிஞ்சிய அந்தக் காந்தத்தை அழிக்க எதிர்த்திசையில் எவ்வளவு புலம் கொடுக்க வேண்டும் என்பது இன்னோர் அளவு. இதற்குக் காந்த நீக்குத்திறன் என்று பெயர். மாணவர்கள் முதல் அளவையே முக்கியம் என்று நினைக்கிறார்கள். நடைமுறையில் இரண்டு வகையையும் பிரித்துவைப்பது இரண்டாவது அளவுதான். வளையமாக மூடிய தேனிரும்பில்கூட, அதாவது ஏறக்குறையச் சுத்தமான மென்மையான இரும்பில்கூட, கணிசமான காந்தம் மிஞ்சும். ஆனால் சிறிய எதிர்ப்புலம் பட்டாலே, ஏன், அந்த வளையத்தைத் திறந்துவிட்டாலே, அதில் பெரும்பகுதி போய்விடும். டிரான்ஸ்பார்மருக்குப் போடும் சிலிக்கான் எஃகின் காந்த நீக்குத்திறன் மீட்டருக்குச் சில பத்து ஆம்பியர் அளவில் இருக்கும். நியோடிமியம் என்ற உலோகம் சேர்த்துச் செய்யும் வலுவான நிலைக்காந்தத்துக்கோ அது மீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியரை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். பத்தாயிரம் மடங்குக்கு மேற்பட்ட இந்த இடைவெளிதான் இரண்டு வகைக்கும் நடுவில் உள்ள உண்மையான தூரம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றவை வெறும் தகவலாக நின்றுவிடும். இரும்புக்குள் கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்து சிறு சிறு வட்டாரங்களாக அமைந்திருக்கின்றன. டொமைன் என்று சொல்வார்கள். ஒவ்வொரு டொமைனும் தன்னளவில் முழுக் காந்தமே. அவை ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வெளியே ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, துண்டு இரும்பு காந்தமற்றதுபோலத் தோன்றுகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வைஸ் 1907இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். பிறகு நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்க்க முடிந்தது, ஆகவே இதில் ஐயத்துக்கு இடமில்லை. வெளியிலிருந்து ஒரு புலம் வரும்போது, அதன் திசையில் இருக்கும் டொமைன்கள் அண்டை டொமைன்களின் எல்லையைத் தள்ளிக்கொண்டு விரிகின்றன. தேனிரும்பில் அந்த எல்லைகள் வழுவழுப்பான தரையில் நகர்வதுபோல எளிதாக நகரும். புலம் போனதும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கார்பன் கலந்து கடினப்படுத்திய எஃகில் உள்ள குறைகளும் துகள்களும் அந்த எல்லைகளை ஆங்காங்கே பிடித்து நிறுத்திவிடுகின்றன. ஃபெரைட் (ஸ்பீக்கரில் உள்ள கறுப்புப் பீங்கான் காந்தம்), நியோடிமியம் போன்றவற்றில் காரணம் இன்னும் ஆழமானது: அவற்றின் படிக அமைப்பே ஒரே ஓர் அச்சை மட்டும்தான் விரும்புகிறது, அந்த அச்சை விட்டுக் காந்தத்தைத் திருப்புவது பெரும்பாடு.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து அதில் ஒரு குண்டூசியைத் தொங்கவிடுங்கள். அந்தக் குண்டூசியின் முனையில் இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று என்று மூன்று நான்கு ஊசிகள் சங்கிலிபோலத் தொங்கும். ஒவ்வோர் ஊசியும் அப்போதைக்கு ஒரு தற்காலிகக் காந்தம். மேலே உள்ள ஊசியை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டு காந்தத்தை விலக்கினால் சங்கிலி உதிர்ந்துவிடும். ஆனால் சில சமயம் கடைசி ஊசி உடனே விழாமல் ஒரு கணம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் விழும். ஊசி சுத்த இரும்பு அல்ல, எஃகுக் கம்பி. அதனால் கொஞ்சம் மிஞ்சுகிறது. புலம் போன பிறகும் இப்படிக் கொஞ்சம் மிஞ்சி நிற்பதுதான் பாடநூலில் காந்தத் தயக்கம் என்று பெரிய வளைகோடாக வரைந்து காட்டப்படுவது. இதைக் காட்டிவிட்டு அந்த வளைகோட்டை நடத்தினால் எந்த மாணவருக்கும் புரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

நிலைக்காந்தங்களின் வரலாறு முழுவதும் காந்த நீக்குத்திறனைக் கூட்டிக்கொண்டே போன வரலாறுதான். பழைய எஃகுக் காந்தங்கள் மிகச் சுலபமாக வலுவிழக்கும். குதிரை லாட வடிவமும் நீண்ட சட்ட வடிவமும் வந்ததற்கு அதுவே காரணம், ஏனெனில் தடிமனுக்கு ஏற்ற நீளம் இல்லாத குட்டைக் காந்தம் தன் சொந்தப் புலத்தாலேயே தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொள்ளும். 1931இல் ஜப்பானில் தொகுஷிச்சி மிஷிமா இரும்பு, நிக்கல், அலுமினியக் கலவையில் ஒரு காந்தத்தை உருவாக்கினார். கோபால்ட்டும் சேர்த்து வளர்ந்த அந்தக் குடும்பமே ஆல்னிகோ. 1950களில் ஃபெரைட் வந்தது. அடிப்படையில் அது இரும்பு ஆக்சைடு, அதாவது துருவோடு பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ சேர்த்துச் சுட்ட கறுப்பு நிறப் பீங்கான். விலை மலிவு, துருப்பிடிக்காது. 1960களில் சமாரியம் கோபால்ட், 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்ட நியோடிமியம்-இரும்பு-போரான் என்று அடுத்தடுத்து வந்தன. இன்று விற்பனையில் உள்ளவற்றில் வலுவானது இந்தக் கடைசி வகையே. அதைச் செய்யும் முறையில் ஒன்று எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். கலவையை நுண்பொடியாக்கி, காந்தப்புலத்தில் துகள்களை ஒரே திசையில் அடுக்கி அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, அறுத்து, நிக்கல் பூசி எல்லாம் முடித்த பிறகும் அது காந்தமாக இருப்பதில்லை. கடைசியில் ஒரு மின்காந்தச் சுருளுக்குள் வைத்து ஒரு கண நேரம் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சும்போதுதான் அது நிலைக்காந்தமாகிறது. அந்தச் சுருள் தற்காலிகக் காந்தம் என்பதைக் கவனியுங்கள்: நிலைக்காந்தத்தைப் பெற்றெடுப்பதே ஒரு தற்காலிகக் காந்தம்தான்.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். காந்தத்தை பேட்டரியைப்போல நினைப்பதால் எழும் அச்சம் இது. பேட்டரிக்குள் ஒரு வேதிப்பொருள் செலவாகிக்கொண்டே வருகிறது. காந்தத்துக்குள் செலவாக எதுவும் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருபது வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தம் எந்த வேலையும் செய்யவில்லை, சுவரில் அடித்த ஆணி படத்தைத் தாங்குவதுபோலத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மோட்டாரில் விசிறியைச் சுற்றவைக்கும் ஆற்றல் முழுவதும் மின் இணைப்பிலிருந்து வருகிறது. காந்தம் அந்த ஆற்றலுக்குப் பிடிமானம் மட்டுமே கொடுக்கிறது. ஆகவே பயன்படுத்துவதாலேயே காந்தம் தீர்ந்துபோகும் என்பது உறுதியாகத் தவறு.

ஆனால் காந்தம் வலுவிழக்கவே செய்யாது என்றும் நான் சொல்ல மாட்டேன். வலுவிழக்கச் செய்பவை வேறு. முதலாவது வெப்பம். ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் கியூரி வெப்பநிலை என்று ஓர் எல்லை உண்டு. இரும்புக்கு 770 டிகிரி, நியோடிமியம் காந்தத்துக்கு 310 டிகிரியை ஒட்டி. அந்த எல்லையைத் தாண்டினால் டொமைன்களே கலைந்துவிடும். நடைமுறையில் சிக்கல் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது: சாதாரண ரக நியோடிமியம் காந்தத்தை 80 டிகிரிக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்களே வரையறுக்கிறார்கள், டிஸ்ப்ரோசியம் முதலிய அருமண் தனிமங்களைச் சேர்த்த உயர் ரகங்கள் 150, 200 டிகிரி வரை தாங்கும். இங்கே இரண்டு வகை இழப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சூடாகும்போது சற்றுக் குறைந்து, ஆறியதும் தானாகவே திரும்பிவரும் இழப்பு ஒன்று, அது கவலைக்குரியதல்ல. எல்லை மீறிச் சூடாகும்போது சில டொமைன்கள் திரும்பிப்போய், ஆறினாலும் அப்படியே நின்றுவிடும் இழப்பு மற்றொன்று. மறுபடி காந்தமேற்றினாலொழிய அது சரியாகாது. இரண்டாவது பகை எதிர்ப்புலம்: மோட்டார் சுற்ற முடியாமல் பூட்டிக்கொண்டு அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால், அந்தச் சுருளின் புலமே காந்தத்தைத் தாக்கும், சூடும் சேர்ந்துகொண்டால் சேதம் பெரிது. மூன்றாவது துரு. நிக்கல் பூச்சு உரிந்த நியோடிமியம் காந்தம் ஈரத்தில் பொடிப்பொடியாக உதிர்வதைக் கையில் எடுத்தே பார்த்திருக்கிறேன். தட்டினால், கீழே போட்டால் காந்தம் போய்விடும் என்று பள்ளியில் படித்தது பழைய எஃகுக் காந்தங்களுக்கு முழு உண்மை. ஃபெரைட்டும் நியோடிமியமும் தட்டினால் உடையுமே தவிர, உடைந்த துண்டுகள் காந்தமாகத்தான் இருக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் சட்டக்காந்தங்களை இரண்டிரண்டாக, எதிர் முனைகள் அருகருகே வருமாறு வைத்து, இரு கடைசியிலும் தேனிரும்புத் துண்டுகளைப் போட்டு மூடிவைப்பதற்கும் எஃகுக் காந்தம் தன் சொந்தப் புலத்தாலேயே வலுவிழக்கும் என்பதே காரணம். பல பள்ளிகளில் அந்தத் துண்டுகள் தொலைந்து வெறும் பெட்டிதான் இருக்கிறது. அதனால் பிள்ளைகள் கைக்கு வரும் காந்தம் குண்டூசியைக்கூடத் தூக்குவதில்லை. அறிவியல் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அந்தத் துண்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

தற்காலிகக் காந்தத்தின் பெருமை மறுபக்கத்தில் இருக்கிறது. 1820இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். ஐந்தே வருடத்தில், 1825இல், இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் 200 கிராம் எடையுள்ள லாட வடிவ இரும்பில் கம்பி சுற்றி நாலு கிலோ எடையைத் தூக்கிக் காட்டினார். அமெரிக்கரான ஜோசஃப் ஹென்றி கம்பிக்குக் காப்பிட்டு அடுக்கடுக்காகச் சுற்றி, 1831இல் 900 கிலோவுக்கு மேல் தூக்கினார். தூக்கிய எடையைவிட முக்கியமானது, இணைப்பைத் துண்டித்ததும் அது விழுந்தது என்பதே. இழுக்க வேண்டியபோது இழுத்து, விட வேண்டியபோது விடுவது, வேண்டிய அளவுக்கு மட்டும் இழுப்பது, திசையை மாற்றிக்கொள்வது ஆகியவை நிலைக்காந்தத்தால் தனியாக முடியாதவை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. அதாவது டிரான்ஸ்பார்மர் இரும்பின் காந்தம் நொடிக்கு நூறு முறை திசை திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் இரும்பு கொஞ்சம் தயங்கினால் அந்தத் தயக்கம் சூடாக மாறும். அங்கே கடின எஃகைப் போட்டால் டிரான்ஸ்பார்மர் அடுப்பாகிவிடும். அதனால்தான் எளிதில் மறக்கும் சிலிக்கான் எஃகை, அதுவும் இரும்புக்குள்ளேயே வட்டமிட்டுச் சூடாக்கும் சுழல் மின்னோட்டம் ஓடாதபடி அரை மில்லிமீட்டர், அதற்கும் குறைந்த தகடுகளாக, நாங்கள் ஸ்டாம்பிங் என்று சொல்லும் வடிவில் வெட்டி அடுக்குகிறார்கள். மறதி இங்கே குறையல்ல, பணம் கொடுத்து வாங்கும் தரம்.

அந்த மறதி கெட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறேன். சூலூர்ப் பக்கம் ஒரு விவசாயி, கிணற்று மோட்டாரின் ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் நிற்கவில்லை, மெயின் சுவிட்சை இறக்கித்தான் நிறுத்தினேன் என்று சொல்லி ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டுவந்தார். பட்டன் சரியாக இருந்தது; சுருளுக்குப் போகும் மின்சாரமும் ஒழுங்காகத்தான் துண்டிக்கப்பட்டது. ஸ்டார்ட்டருக்குள் மின்காந்த இழுப்பால் இணைப்பை மூடும் சுவிட்சான கான்டாக்டரைத் திறந்து இரண்டு இரும்புப் பாகங்களையும் கையால் சேர்த்தபோது விஷயம் தெரிந்தது. அந்த இரும்பு மூன்று கால்கள் கொண்ட வடிவம். நடுக்கால் மட்டும் மற்ற இரண்டைவிட ஒரு காகிதத் தடிமன் அளவுக்குக் குட்டையாக இருக்கும். பாகங்கள் ஒட்டும்போதும் நடுவில் அந்த மெல்லிய இடைவெளி மிஞ்ச வேண்டும், மிஞ்சினால்தான் மின்சாரம் போனதும் எஞ்சிய காந்தம் ஒட்டிக்கொள்ள வலுவின்றி விட்டுவிடும். பல வருடங்கள் படபடவென்று அடித்து அடித்து வெளிக்கால்கள் தேய்ந்து, நடுக்காலும் முட்டத் தொடங்கியிருந்தது. இடைவெளி மறைந்ததால் இரும்பு வளையம் முழுதாக மூடி, எஞ்சிய காந்தமே பாகங்களைப் பிடித்துக்கொண்டது. மேலே சொன்ன மூடிய வளையத்தின் கதை இதுதான். எண்ணெய்ப் பிசுக்காலும் இதே கோளாறு வரும். தொடர்புமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலும் வரும். அதனால் எல்லாவற்றுக்கும் எஞ்சிய காந்தத்தையே குற்றம் சொல்லக் கூடாது, துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். அவருடைய கான்டாக்டரை மாற்றச் சொன்னேன். அரத்தால் நடுக்காலைத் தேய்த்துச் சமாளிப்பவர்கள் உண்டு. உயிரோடு விளையாடும் இடம் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எல்லா இடத்திலும் நிலைக்காந்தம் ஏன் இல்லை என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒரு கருவிக்கு எந்தக் காந்தம் என்று முடிவுசெய்ய, மின்சாரம் போனால் அங்கே என்ன நடக்க வேண்டும் என்று முதலில் கேட்கச் சொல்லி மாணவர்களைப் பழக்கியிருக்கிறேன். மின்தடையிலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூடியே இருக்க வேண்டும். ஆகவே ரப்பர் பட்டைக்குள் ஃபெரைட் தூள் கலந்த நிலைக்காந்தம். மின்தடையில் மோட்டார் ஸ்டார்ட்டர் விட்டுவிட வேண்டும்; ஆகவே மின்காந்தம். லிஃப்டின் பிரேக்கில் சுருள்வில் எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும், மின்காந்தம் அதை இழுத்துத் தளர்த்தினால்தான் லிஃப்ட் நகரும். மின்சாரம் போன கணமே பிரேக் பிடித்துக்கொள்ளும். பழைய இரும்பைத் தூக்கும் கிரேன் காந்தத்தில் இரண்டு தேவைகளும் மோதுகின்றன: விட வேண்டும் என்பதால் மின்காந்தம், மின்தடையில் தலைமேல் விழக் கூடாது என்பதால் கூடவே பேட்டரி.

அடுத்த கேள்வி, புலத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்பது. பழைய சைக்கிள் டைனமோ நினைவிருக்கும்: டயரில் உரசிச் சுற்றும் சிறு தலை, உள்ளே உருளை வடிவ நிலைக்காந்தம். மெல்ல மிதித்தால் விளக்கு மங்கும், இறக்கத்தில் வேகமெடுத்தால் பளிச்சென்று எரியும். நம்மால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. நெய்வேலி, கூடங்குளம் போன்ற மின்நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்களில் சுழலும் பகுதி மின்காந்தமாக இருப்பதற்கு அதுவே காரணம். நேர்மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கலாம், கோளாறு நேர்ந்தால் புலத்தையே அணைத்துவிடலாம். வலிமையும் ஒரு காரணம். நியோடிமியம் காந்தத்தில் தேங்கி நிற்பது ஏறக்குறைய 1.4 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) வரை, தேனிரும்பை 2.1 டெஸ்லா வரை ஏற்றலாம்; மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியில் திரவ ஹீலியத்தில் குளிர்வித்த மீகடத்திச் சுருள்கள் 1.5 அல்லது 3 டெஸ்லாவை ஓர் ஆள் படுக்கும் அளவு பெரிய வெளியில் தருகின்றன. ஒரு எச்சரிக்கை: மீகடத்தியில் மின்னோட்டம் தேயாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் அது மின்காந்தமாக இருந்தும் எப்போதும் உயிரோடு இருக்கும், ஸ்கேன் நடக்கவில்லை என்று எண்ணி ஆக்சிஜன் சிலிண்டரை அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது.

விலையும் மூலப்பொருளும் இருக்கின்றன. நியோடிமியம் மோனசைட் மணலில் கிடைப்பது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அந்தக் கனிமம் இருப்பது 1909இலேயே தெரிந்துவிட்டது. மணலிலிருந்து தனிமத்தைப் பிரித்துக் காந்தமாக்கும் தொழிலோ பெரும்பாலும் சீனாவின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம், சமாரியம் உள்ளிட்டவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது மின்வாகனத் தொழில் திணறியதற்குக் காரணம், சூட்டைத் தாங்கும் காந்தத்துக்கு அவை வேண்டும் என்பதே. டெஸ்லா நிறுவனத்தின் தொடக்ககாலக் கார்கள் நிலைக்காந்தமே இல்லாத இண்டக்‌ஷன் மோட்டாரிலும், ரெனோவின் ஸோயி என்ற மின்கார் சுருள் சுற்றிய ரோட்டாரிலும் (மோட்டாரின் சுழலும் பகுதி) ஓடின. ஆகவே அங்கேயும் இரண்டு வழிகளும் திறந்தே இருக்கின்றன.

இதுவரை இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசினாலும், உண்மையான கருவிகளில் அவை பெரும்பாலும் சேர்ந்தே வேலை செய்கின்றன. கெட்டுப்போன ஒரு ஸ்பீக்கரைப் பின்பக்கமாகப் பாருங்கள். கறுப்பு ஃபெரைட் வளையம், அதற்கு முன்னும் பின்னும் இரும்புத் தட்டுகள், நடுவில் இரும்புக் கம்பம். ஃபெரைட்டில் தேங்குவது 0.4 டெஸ்லா அளவுதான். அதன் அகன்ற பரப்பில் பரவிய புலத்தை அந்தத் தட்டுகளும் கம்பமும் திரட்டி, ஒரு மில்லிமீட்டர் சந்துக்குள் குவித்துக் கொடுக்கின்றன. சுருள் அசைவது அந்தச் சந்தில்தான். தற்காலிகக் காந்தமான இரும்பு இல்லாவிட்டால் அந்த ஸ்பீக்கர் முணுமுணுக்கத்தான் செய்யும். இரண்டுக்கும் இடைப்பட்டவையும் உண்டு: அட்டைகளின் காந்தப் பட்டை எழுதியதை நினைவில் வைக்கவும் வேண்டும், தேவைப்பட்டால் அழித்து எழுதவும் இடம்கொடுக்க வேண்டும். விடுதி அறைச் சாவி அட்டை கைப்பேசி உறையின் காந்தம் பட்டு அழிவதும், வங்கி அட்டை பெரும்பாலும் தப்பிப்பதும் அவற்றின் காந்த நீக்குத்திறன் வேறுபடுவதால்தான்.

உறுதியில்லாத இடங்களையும் பிரித்துக் காட்டிவிடுகிறேன். இயற்கைக் காந்தக்கல் எப்படி அவ்வளவு வலுவான காந்தமானது என்பதற்கு மின்னல் தாக்கியதே காரணம் என்ற விளக்கம் பலமானது. ஒவ்வொரு கல்லுக்கும் அது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. உப்பு நீர்க் குழாயில் காந்தம் கட்டினால் நீர் மென்மையாகும் என்று எங்கள் பகுதி விவசாயிகளிடம் விற்கிறார்கள். கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியமும் மக்னீசியமும் காந்தத்தால் நீரைவிட்டு வெளியேறுவதில்லை, இது உறுதி. படியும் உப்பின் தன்மை மாறுகிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதை நம்பிப் பணம் போட நான் சொல்ல மாட்டேன். காந்த வளையல், காந்தப் படுக்கை ஆகியவை வலியைப் போக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. மாறாக, காந்தத்தால் வரும் ஓர் ஆபத்து முழு உறுதியானது: சிறு நியோடிமியம் உருண்டைகள் இரண்டைக் குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் இரு மடிப்புகளுக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய சதையை நசுக்கித் துளையிடும். விழுங்கியதாக ஐயம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அந்த விளையாட்டுப் பொருளை வாங்கவே வேண்டாம்.

இனி உங்கள் மின்விசிறி. பழைய வகைச் சீலிங் ஃபேனில் நிலைக்காந்தம் கிடையாது. கம்பி சுற்றிய ஸ்டாம்பிங் ஒரு சுழலும் புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் ரோட்டாரில் உள்ள அலுமினியக் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதன்மூலம் ரோட்டாரைத் தற்காலிகக் காந்தமாக்கும். அப்படித் தூண்டுவதற்கே ஒரு பகுதி மின்சாரம் சூடாகப் போய்விடுகிறது. வழக்கமாக 75 வாட் அளவில் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறியில் ரோட்டார் ஓட்டின் உட்புறம் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். ரோட்டாரைக் காந்தமாக்கச் செலவில்லை, அதனால் ஏறக்குறைய அதே காற்றுக்கு 30 வாட்டை ஒட்டிப் போதும். நடுவில் இருக்கும் சுருள் அப்போதும் தற்காலிகக் காந்தமே, அதை மாற்றி மாற்றி இயக்குவது ஒரு சிறு மின்னணுப் பலகை. முப்பது வாட்டில் ஓடும் இந்த மோட்டார் காந்தத்தைக் கெடுக்கும் அளவுக்குச் சூடாவதற்குச் சாதாரணமாக வாய்ப்பில்லை. நீங்கள் குறிப்பிட்ட மாடலில் ஃபெரைட் இருக்கிறதா நியோடிமியம் இருக்கிறதா, எந்த ரகம் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் சொல்ல இயலாது. ஆனால் என் கைக்கு வந்த பி.எல்.டி.சி. விசிறிகளில் காந்தம் வலுவிழந்து வந்தது ஒன்றுகூட இல்லை. கெட்டவை மின்னணுப் பலகைகள், குறிப்பாக இடி மின்னலுக்கும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கும் பிறகு, அதற்கடுத்து பேரிங், அரிதாக, பசை விட்டுக் கழன்று உரசிய காந்தத் துண்டு. ஆகவே கடைக்காரரிடம் காந்தத்தைப் பற்றிக் கேட்பதைவிட, அந்தப் பலகைக்கு எத்தனை வருட உத்தரவாதம், உத்தரவாதம் முடிந்த பிறகு பலகை தனியாக உங்கள் ஊரில் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். விசிறியை மாட்டும் முன் தரையில் வைத்து, மின் இணைப்பு கொடுக்காமல், தண்டைப் பிடித்துக்கொண்டு உடலைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பழைய விசிறி வழுக்கிக்கொண்டு சுற்றும். புதியதில் பெரும்பாலும் சீரான இடைவெளியில் லேசாகப் பிடித்துப் பிடித்து விடும் ஓர் உணர்வு விரலுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் நிலைக்காந்தங்கள் ஸ்டாம்பிங்கின் ஒவ்வொரு பல்லையும் இழுத்துவிட்டு விடுவதே அது. பல வருடம் கழித்துச் சுத்தம் செய்யக் கழற்றும்போது மறுபடி அதேபோலத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பிடி அப்படியே இருந்தால் காந்தமும் அப்படியே இருக்கிறது.